மஞ்சாற்றில் நாற்பத்தொரு கூடு

பெரியமுத்து அண்ணனுக்கு எஸ்டேட் ரிஜிஸ்டரில் ஃபிஷிங் வாட்சர் என்று வேலைப்பெயர். லயத்தில் மீன்முத்து. கொழுந்து எடுக்கும் பெண்கள் மட்டும் மருத்துவச்சி என்பார்கள், அவர் காதில் விழும்படியாகவே. அந்தப் பெயர் வரக் காரணம் அவருடைய சம்சாரம் சந்தனம் மதினிதான். ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் அத்தனை பேரும் நிற்கும்போது சொல்லிவிட்டார்.

"எனக்கு ரெண்டு பேறுகாலத்துக்கும் ஆசுபத்திரி வாசல எட்டிப்பாக்காத மனுசன், மீனுக்குப் பேறுகாலம் பாக்கப் போறாரு. போகட்டும், போயித் தொப்புள்கொடிய அறுத்துட்டு வரட்டும்."

பெரியமுத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மம்பட்டியையும் இரும்புச் சீப்பு வைத்த வாரியையும் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு இறங்கிவிட்டார். அவர் ஆள் அப்படி. பேச்சுக்குப் பதில் பேச்சு கிடையாது. யாராவது அவர் வேலையில் கை வைத்தால் மட்டும் வாய் திறக்கும், அப்போது வருவது எழுதக்கூடிய பேச்சாக இருக்காது.

நான் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். மீன்பிடிக் கிளப்புக்கு வரும் விருந்தாளிகளை ஆற்றங்கரையில் கொண்டுபோய் இறக்குவதும் என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு விருந்தாளிகளின் பின்னால் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் அவர் தூண்டிலைத் தொட்டதில்லை. வாட்சர் தொடக்கூடாது என்று சட்டம். தின்றிருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டேன்.

"தின்னுருக்கேன். சப்புன்னு இருக்கும். ஒரு மத்தி முன்னாடி நிக்குமாலே அது?"

ட்ரவுட் இந்த ஊர் மீன் இல்லை. தேயிலை வைத்த வெள்ளைக்காரன் ஓய்வுநாளில் தூண்டில் போடுவதற்காகக் கடல் தாண்டிக் கொண்டுவந்து விட்டது. அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், ஓடுகிற தண்ணீர் வேண்டும், அடியில் சேறில்லாத கூழாங்கல் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் செத்துப்போகும். வீம்பு பிடித்த மீன். பெரியமுத்துவுக்கு அதனால்தான் பிடித்துப்போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

பத்தொன்பது வயதில் கிளப்பின் குஞ்சுப்பொரிப்பகத்தில் வாளி தூக்கப் போனவர். பெண்மீனின் வயிற்றை மெல்ல நீவி முட்டையை உலர்ந்த பேசினில் இறக்க வேண்டும், ஆண்மீனின் பாலை அதன்மேல் விட வேண்டும், இரண்டையும் கோழியிறகால் கலக்க வேண்டும். கை பட்டால் முட்டை கெட்டுவிடும். அந்த இறகு பிடிப்பதில் அவருக்கு இணை இல்லை என்று பழைய துரை சொல்வாராம். இரண்டாயிரத்துப் பதினெட்டாம் வருஷ வெள்ளத்தில் பொரிப்பகத் தொட்டிகள் மலையோடு சேர்ந்து இறங்கிப்போயின. கிளப் அதைத் திரும்பக் கட்டவில்லை. ஆற்றில் தானாகப் பொரிந்தால் மீன் உண்டு, இல்லையென்றால் இல்லை என்று விட்டுவிட்டார்கள். வெள்ளம் கூழாங்கல்லின் மேல் ஒரு முழம் சேற்றையும் பரப்பிவிட்டுப் போயிருந்தது. சேற்றுக்கு அடியில் போடும் முட்டைக்கு மூச்சுக் கிடையாது.

அப்போதுதான் இந்த மம்பட்டியும் வாரியும். ஒவ்வொரு வருஷமும் மழை வெறித்ததும் அணைக்குக் கீழே ஒரு மைல் தூரம், முழங்கால் தண்ணீரில் நின்று கல்லைக் கிளறிக் கிளறிச் சேற்றைக் கரைத்துவிடுவார். ஒரு எருமை உழுதது மாதிரி ஆறு கலங்கி ஓடும். யாரும் சொன்ன வேலை இல்லை. முதல் இரண்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் வருஷம் ஒன்பது கூடு. கூடு என்பது அவர் வைத்த பெயர். பெண்மீன் வாலால் கல்லைத் தள்ளி ஒரு குழி பறிக்கும், மிளகு பருமனில் ஆரஞ்சு நிற முட்டைகளை அதில் இடும், பிறகு அந்தக் கல்லையே இழுத்து மூடிவிடும். மூடிய இடம் மட்டும் பாசி போய் வெளுத்துத் தெரியும். அதைக் கண்டுபிடித்து, பக்கத்தில் கவாத்துக் குச்சி ஒன்று நட்டு வைப்பார், யாரும் மிதித்துவிடாமல்.

போன டிசம்பர் முடியும்போது நாற்பத்தொரு குச்சி நின்றது.

அந்த எண்ணிக்கை வெறும் எண்ணிக்கை இல்லை. கிளப்பில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். ஏப்ரலில் வந்து பார்ப்போம், மஞ்சாற்றில் குஞ்சு ஓடினால் ஆறு நமது மீன்பிடிப் பட்டியலில் இருக்கும், இல்லையென்றால் அடித்துவிடுவோம், வாட்சரும் தேவையில்லை. பெரியமுத்து இதை வீட்டில் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார், அதுவும் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கும்போது, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

இனி அணையைச் சொல்ல வேண்டும். மஞ்சாற்றணை சின்ன அணைதான். மாட்டுப்பட்டி அணையில் படம் எடுக்கிற டூரிஸ்டுகள் இங்கே எட்டிப்பார்ப்பதில்லை. அதில் இரண்டு வால்வு. பெரிய வால்வு கீழே உள்ள பவர்ஹவுசுக்காக. மாலை ஆறு மணிக்குத் திறப்பார்கள், ஊரெல்லாம் லைட் போடுகிற நேரம் முடிந்ததும் அடைப்பார்கள். அந்த நேரத்தில் ஆறு இரண்டு அடி ஏறும். ஏறிய தண்ணீரை நம்பி ஓரத்தில் கூடு வைக்கிற மீனும் உண்டு. அடைத்ததும் அந்தக் கூடு கரையில் கிடக்கும். பெரியமுத்து அவற்றுக்குக் குச்சி நடுவதில்லை. "கூறுகெட்டது" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சின்ன வால்வு எப்போதும் திறந்திருக்கும். அதில் வருகிற கணுக்கால் தண்ணீர்தான் நடு ஆற்றை இருபத்துநாலு மணி நேரமும் நனைத்து வைக்கிறது. நாற்பத்தொரு கூடும் அந்தத் தண்ணீரில் இருந்தன. முட்டை பொரிய நாற்பது நாள், பொரிந்த குஞ்சு கல்லிடுக்கைவிட்டு வெளியே வர இன்னும் இருபது நாள். அதுவரை அந்தக் கணுக்கால் தண்ணீர் போதும்.

அணையில் வால்வு திருப்புகிறவன் சிஜு. கோட்டயம் பக்கத்துப் பையனாக வந்து, இப்போது நாற்பது வயது ஆள். எங்களோடு பேசிப் பேசி அவன் தமிழ் எங்களுடையதும் இல்லை, அவனுடையதும் இல்லை. அவனுக்கும் பெரியமுத்துவுக்கும் எப்போதும் வாய்த்தகராறு.

"அண்ணா, இது நம்ம நாட்டு மீனல்ல. வெளிநாட்டு மீனுக்கு எதுக்கு இத்தற கஷ்டப்படுது?"

"உன் பவர்ஹவுசுல சுத்துதே மெஷினு, அது எந்த ஊரு? உங்க கோட்டயத்துல காய்ச்சதா?"

இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்னால் அந்த சிஜுதான் சேதி சொன்னான். ஐப்பசித் துலாமழை பொய்த்துவிட்டது, அணையில் தண்ணீர் கம்மி, ஜனவரியில் சின்ன வால்வைப் பாதியாக்கப் போகிறார்கள். இன்னும் ஆர்டர் வரவில்லை, பேச்சு இருக்கிறது.

பெரியமுத்துவின் முகம் கறுத்துப்போயிற்று. பாதியென்றால் அந்தக் கணுக்கால் தண்ணீரின் விளிம்பில் உள்ள பத்துக் கூடாவது காயும். நாற்பத்தொன்றில் பத்தை யாருக்காக விட்டுக்கொடுப்பது? மறுநாள் காலையில் என் வாசலில் வந்து நின்றார்.

"டவுன்ல மூணாந்தேதி கவர்மெண்டு அதாலத்து வைக்கானாம். பராதி மனு குடுக்கலாமாம். நீ வா. உனக்குத்தான் மலையாளம் வாசிக்கத் தெரியும்."

எனக்குத் தெரிந்த மலையாளம் பஸ் போர்டு பார்த்துக் கற்றது. ஆனாலும் லயத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி சீட்டு, ரேஷன் நோட்டீஸ், எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வது. அதில் எனக்கொரு மிதப்பும் இருந்தது. மறைப்பானேன்.

அதாலத்தில் கல்யாணக் கூட்டம் மாதிரி ஜனம். இரண்டு மணி நேரம் நின்று மேசைக்குப் போனோம். எழுதுகிறவர் நல்ல மனுஷர். தமிழிலேயே சொல்லுங்கள், எனக்குப் புரியும் என்றார். பெரியமுத்து வாழ்நாளில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மாலைத் தண்ணீர் ஏறுவது, இறங்குவது, மீன் ஏமாந்து ஓரத்தில் முட்டையிடுவது, அது காய்வது, சேறு, கூழாங்கல் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"எங்களுக்கு வேற ஒன்னும் வேண்டாம் சார். தண்ணிய மட்டும் குறச்சு விடாதீங்க. மார்ச்சு வரைக்கும் குறச்சு விடாதீங்க."

எழுதுகிறவர் எழுதி முடித்து நிமிர்ந்து, "மார்ச் வரெ வெள்ளம் குறச்சு விடருது. அதல்லே?" என்றார்.

"ஆமா சார், அதேதான்" என்றேன் நான். தாளை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தேன். வெள்ளம் என்றால் தண்ணீர். விடருது என்றால் விடக்கூடாது. குறச்சு என்றால் குறச்சுதான். "சரியா எழுதிருக்காருண்ணே. நீங்க சொன்னதே அப்படியே இருக்கு."

பெரியமுத்து கையெழுத்துப் போட்டார். வரும் வழியில் டீக்கடையில் எனக்குப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். அவர் யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஆறாம் நாள் காலையில் ஆறு இல்லை.

அப்படித்தான் சொல்ல வேண்டும். நான் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். பெரியமுத்து மேட்டில் ஓடிவந்தார். அந்த மனுஷர் ஓடியதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். இருவரும் இறங்கிப் போனோம். நாற்பத்தொரு குச்சியும் நிற்கிறது. நடுவில் தண்ணீர் இல்லை. கல்லெல்லாம் ஈரம் காயாமல் மினுமினுக்கிறது. பள்ளத்தில் தேங்கிய இடங்களில் பெரிய மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு கிடந்தன. அணைவரை நடந்தோம். சின்ன வால்வின் வாயிலிருந்து சொட்டுக்கூட இல்லை. சிஜு மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான்.

"ஏலே சிஜு! பாதின்னுல்ல சொன்ன? முழுசா அடச்சு வச்சிருக்க?"

"பராதி கொடுத்தது நிங்களல்லே அண்ணா?"

"பராதி குடுத்தது தொறந்து வைக்கச் சொல்லிலே!"

"அய்யோ, இல்ல. ஆர்டர்ல எழுதியிட்டுண்டு. ஃபிஷிங் வாட்சர் பெரியமுத்துவின்றெ பராதிப்பிரகாரம், குறச்சு விடருது. அதுகொண்டு குறச்சும் விடுன்னில்லா. விட்டால் முழுவன் விடும், இல்லெங்கில் இல்லா."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. பெரியமுத்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

விளங்க வைத்தவர் அணை ஆபீஸில் ஓவர்சியராக இருக்கும் மோகனசுந்தரம். கிழக்குப் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைக்காரர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவர். கோயமுத்தூர்க்காரர் மாதிரி 'ங்க' போட்டுப் பேசுவார். எங்களை உட்காரச் சொல்லி ஃபைலை எடுத்துப் புரட்டினார். முதலில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பெரியமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

"ஏனுங்கண்ணா, நம்மூருத் தமிழ்ல குறச்சுன்னா என்னுங்க? இருக்கறதக் கம்மி பண்றது. மலையாளத்துல குறச்சுன்னா கொஞ்சம்ங்க. அவங்களுக்கும் ரெண்டு அர்த்தமும் உண்டுங்க, ஆனா கொஞ்சம்ங்கறதுதான் முதல்ல தோணும். நீங்க, தண்ணியக் கம்மி பண்ணாதீங்கன்னு சொல்லியிருக்கீங்க. கொஞ்சமா விடாதீங்கன்னு இவிங்க படிச்சிருக்காங்க. அதுக்கு மேல, தண்ணிய நம்பி மீன் ஏமாந்து முட்டை போடுதுன்னு வேற நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்பறம் என்னுங்க, கொஞ்சத் தண்ணிதான் மீனக் கெடுக்குதுன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"படிச்சவங்கதானய்யா எல்லாரும்?" என்றார் பெரியமுத்து. "தண்ணி இல்லாம மீனு எப்படி நல்லாருக்கும்னு ஒருத்தனும் யோசிக்கலியா?"

மோகனசுந்தரம் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"தண்ணிய மிச்சம் பண்ணச் சொல்லி மேல இருந்து உசுர எடுத்துட்டு இருந்தாங்கண்ணா. பாதியாக்குனாக்கூட யாராச்சும் கேப்பாங்களோன்னு இருந்துச்சு. அந்நேரத்துல அடைக்கச் சொல்லி உங்க கையெழுத்தோடவே ஒரு காயிதம் வந்தா, விடுவாங்களாங்க?"

அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. நாங்கள் சும்மா வீட்டில் இருந்திருந்தால் பாதித் தண்ணீர் வந்திருக்கும். பத்துக் கூடு போயிருக்கும், முப்பது பிழைத்திருக்கும். ஜீப்பை எடுத்துக்கொண்டு போய், இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, அந்தப் பாதியையும் நிறுத்திவிட்டு வந்திருக்கிறோம்.

திருத்தி எழுதிக் கொடுத்தோம். இந்தத் தடவை மோகனசுந்தரமே எழுதினார். ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய ஆபீசர் சபரிமலைக்கு மாலை போட்டுப் போயிருந்தார். திரும்பி வர மகரவிளக்கு முடிய வேண்டும். அதற்கு மேல் உள்ளவர் திருவனந்தபுரத்தில். போனை எடுக்கவில்லை.

"எங்கூர்ல வாய்க்கால்ல ஒரு நாள் தண்ணி நின்னா நூறு பேரு ரோட்டுல உக்காந்துருவாங்க" என்றார் மோகனசுந்தரம். "கலெக்டர் ஓடி வருவாரு. அது நெல்லுங்க. மீனுக்கு எத்தன பேருங்கண்ணா உக்காருவாங்க?"

பெரியமுத்து எழுந்துவிட்டார். "ரெண்டு பேரு" என்றார்.

நான் என்னையும் அவரையும் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. மறுநாள் விடியும்போது ஆற்றில் அவரும் சந்தனம் மதினியும் நின்றார்கள். காந்தலூரிலிருந்து காரட் ஏற்றிவரும் லாரிக்காரனிடம் கெஞ்சிப் பழைய சணல் சாக்கு வாங்கி, நனைத்து, ஒவ்வொரு கூட்டின் மேலும் விரித்து, ஓரத்துக்குக் கல் வைத்தார்கள். பிறகு பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைக் குடத்தில் மொண்டு சாக்கின் மேல் ஊற்றினார்கள். கல்லுக்கடியில் ஈரம் இருந்தால் முட்டை சில நாள் தாங்கும், அவர் பொரிப்பகத்தில் ஈரப் பாசியில் வைத்துப் பார்த்திருக்கிறார். பகையாளி உறைபனிதான். ஜனவரியில் எங்கள் பக்கம் புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல் வெளுக்கும். தண்ணீர் ஓடினால் அடியில் உறையாது. சும்மா கிடக்கும் ஈரம் உறையும்.

மதினி பெரட்டுக்கு நேரமாகும்வரை குடம் தூக்கினார். வேலை முடிந்து வந்ததும் திரும்பத் தூக்கினார். நானும் தூக்கினேன். மதினி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியமுத்துவிடம் மட்டும் வாய் ஓயவில்லை.

"இதுல எத்தன பொம்பளப்புள்ளைன்னு பாத்து வச்சிரும். பேரு வைக்கணும்ல."

"ஊத்துடி. பேசிக்கிட்டே சாக்க மிதிக்காத."

"இந்த ஊத்து எங்க வீட்டுக் கீரைப்பாத்திக்கு ஊத்திருந்தா லயம் பூராத்துக்கும் கொழம்பு வச்சிருக்கலாம்."

சொல்லிக்கொண்டே அடுத்த குடத்துக்குப் போவார். பனியில் விரல் வெடித்து ரத்தம் கசிந்தது. துணி சுற்றிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குச் சின்ன வால்விலிருந்து திடீரென்று தண்ணீர் வந்தது. பத்து நிமிஷம். நின்றுவிட்டது. மறுநாளும் அதே நேரம், அதே பத்து நிமிஷம். பெரியமுத்து அணைக்குப் போய்க் கேட்டார். சிஜு கையில் கிரீஸ் டப்பா.

"வால்வு துருப்பிடிச்சு அண்ணா. தினமும் கிரீஸ் போட்டுத் திருப்பி நோக்கணும். நோக்கும்போ குறச்சு வெள்ளம் வரும். ஞான் எந்து செய்யான்?"

பெரியமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு நல்லாப் போடு. துரு ஜாஸ்தியா இருக்கும்."

மறுநாள் இருபது நிமிஷம் துரு இருந்தது. அதற்கு மறுநாள் கேமராவில் பார்த்துவிட்டார்கள். சிஜுவுக்கு மெமோ. அதோடு கிரீஸ் நின்றது.

ஆனாலும் அந்தத் தண்ணீரில் சாக்கெல்லாம் ஊறி நன்றாகக் கனத்துக் கிடந்தது. ஒரு கூட்டின் ஓரத்தில் இரண்டே கல்லை நகர்த்திப் பார்த்தார் பெரியமுத்து. முட்டை ஆரஞ்சாகவே இருந்தது. உள்ளே இரண்டு கறுப்புப் புள்ளி. கண். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "கண்ணு வந்துருச்சு. இனி கொஞ்சம் முரடு. பத்து நாள் தாங்குச்சுன்னா பொரிச்சிரும்." காட்டிவிட்டு அவர் கல்லை வைத்த விதத்தைப் பார்த்தேன். தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுகிறவன்கூட அவ்வளவு மெதுவாகச் செய்யமாட்டான்.

பொங்கலுக்கு மறுநாள் மாலை. மதினி கொழுந்துச் சாக்கை எடைபோட்டுவிட்டு நேராக ஆற்றுக்கு வந்திருந்தார். மூன்று பேரும் குடத்தோடு நடு ஆற்றில் நிற்கிறோம். பெரிய வால்வைத் திறக்குமுன் ஊதுகிற சைரன் அணையில் ஊதியது. சைரன் ஊதி ஒரு வாரமாயிற்று. தண்ணீர் மிச்சம் பண்ணுவதால் பெரிய வால்வையும் திறக்காமல் வைத்திருந்தார்கள். அன்றைக்குக் கீழே கரண்டு வேண்டியிருந்தது போலிருக்கிறது.

மேலேயிருந்து சிஜு இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினான். "கயறு! கயறு அண்ணா! முழுவன் விடுகயாணு!" ஏறச் சொல்கிறான், தண்ணீரை முழுசாக விடப் போகிறார்கள்.

மதினியை நான் இழுத்துக் கரையில் ஏற்றினேன். பெரியமுத்து வரவில்லை. ஒரு கூட்டின் சாக்கு மேல் இரண்டு காலையும் ஊன்றிக் குந்தி உட்கார்ந்துவிட்டார், உடம்புப் பாரத்தால் பிடித்துக்கொள்ளலாம் என்பதுபோல. மதினி போட்ட சத்தத்தில் மலை எதிரொலித்தது. "வாரும்வே! என் தாலிய அறுத்துட்டுத்தான் அதுகளப் பொரிக்கணுமா?"

அதற்குத்தான் எழுந்தார். அவர் கரையில் கால் வைத்து நாலு எட்டு வைப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. நடக்கிற தண்ணீர் இல்லை. கவிழ்த்துவிட்ட தண்ணீர். எப்போதும் சின்ன வால்வுத் தண்ணீர் அடியில் இருக்கும், பெரிய தண்ணீர் அதன்மேல் ஏறி வரும், கல் அசையாது. இப்போது காய்ந்த ஆற்றில் முகத்திலடித்தது. சாக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, முதுகைக் காட்டிப் புரண்டு போயின. குச்சிகள் போயின. கல் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாதக்கணக்கில் வாரியால் கிளறி இளக்கிய கல், அதனால்தான் அவ்வளவு சுலபமாக உருண்டது. அவர் கிளறாமல் விட்டிருந்தால் ஒருவேளை இறுகிப்போய் நின்றிருக்குமோ என்னவோ. கேட்கவில்லை. கேட்கிற கேள்வியா அது.

காலையில் ஆறு மறுபடியும் காய்ந்து கிடந்தது. எங்கே எந்தக் கூடு என்று தெரியவில்லை. பெரியமுத்துவுக்குத் தெரிந்தது. இருபதோ என்னவோ இடத்தில் கையால் தோண்டினார். பாதி இடத்தில் வெறும் மணல். மீதியில் முட்டை இருந்தது, வெள்ளைவெளேரென்று, வேகவைத்த ஜவ்வரிசியைக் கொட்டினதுபோல. செத்த முட்டைதான் அப்படி வெளுக்கும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

பள்ளத்தில் நெருக்கிக்கொண்டு கிடந்த தாய்மீன்களையும் அந்த வாரம் யாரோ கொசுவலை போட்டு அள்ளிப்போய்விட்டார்கள். விசாரிக்க அவர் போகவில்லை.

திருத்தின ஆர்டர் ஜனவரி இருபத்தெட்டாம் தேதி வந்தது. சின்ன வால்வு முழுசாகத் திறந்தது. போட்டோ எடுத்தார்கள். முந்திய வருஷங்களைவிடத் தெளிவான தண்ணீர், துளிகூடச் சேறில்லை. நன்றாகத்தான் ஓடியது.

பிப்ரவரியில் அதாலத்து ஆபீஸிலிருந்து பெரியமுத்துவைக் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். நான்தான் ஜீப்பில் கூட்டிப்போனேன். அதே எழுதுகிற மனுஷர். ஒரு ஃபாரத்தை நீட்டினார். அவருக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. முகமெல்லாம் சந்தோஷம்.

"வெள்ளம் வந்நு. பராதி தீர்ந்நு. எல்லாம் தீர்ந்நில்லே சேட்டா?"

"தீந்துருச்சு சார்" என்றார் பெரியமுத்து. "ஒன்னும் மிச்சமில்ல."

கையெழுத்துப் போட்டார். என்னை வாசிக்கச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் இரண்டு வளைவு தாண்டியபிறகு ஆரம்பித்தேன். "அண்ணே, அன்னைக்கு நான் வாசிச்சது..."

"ரோட்டப் பாத்து ஓட்டுலே. பஸ்சு வருது."

பஸ் வரவில்லை.

ஏப்ரலில் கிளப்காரர்கள் வந்து பார்த்துவிட்டு மஞ்சாற்றைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். பெரியமுத்துவை நர்சரியில் போட்டார்கள். தேயிலை நாற்றுக்குப் பிளாஸ்டிக் பையில் மண் நிரப்புகிற வேலை. பெண்களும் உடம்பு முடியாதவர்களும் செய்வது. உட்கார்ந்து நிரப்புகிறார். ரிட்டையராக இன்னும் ஒன்றரை வருஷம். அந்தக் கடிதத்தைப் பற்றி என்னிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. திட்டவும் இல்லை. திட்டினால் தேவலை. வாய் நிறையத் திட்டத் தெரிந்த மனுஷர், எனக்கு மட்டும் மரியாதையாக வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

மதினி கேட்டார். போன வாரம், ரேஷன் கடையில், பத்துப்பேர் நடுவில்.

"ஏம்ப்பா, நீ வரமாட்டேன்னு சொல்லிருந்தா அவரு வேற யாரையாவது கூட்டிப்போயி வாசிக்கச் சொல்லிருப்பாருல்ல?"

சொல்லியிருப்பார். அந்த வேறொருவனும் அதே தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி, சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருப்பான். எங்கள் லயத்தில் எல்லோருக்கும் இருப்பது ஒரே தமிழ்க் காது. அரிசியை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.